மலர்வளையம் வாடும், பெயர் வாடலாமா?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



ஆண்டு மலர் என்றால் கவிதை, சிரிப்புத் துணுக்கு, டூர் போன அனுபவம், கடைசிப் பக்கங்களில் குரூப் போட்டோ என்பதுதான் வழக்கம். அதற்கு நடுவே போர்வீரர் கல்லறையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தலைப்பைக் கேட்டதும், "நல்ல நாளும் அதுவுமா என்னப்பா இது!" என்று மலர்க்குழுவிலேயே ஒரு நண்பர் கேட்டுவிட்டார். ஆனாலும் துணிந்து எழுதுகிறேன். காரணம், இதில் சாவைவிட வேலைதான் அதிகம் வரப்போகிறது. அதுவும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் தினமும் செய்யப் போகிற வேலை. அளப்பது, வரைவது, மட்டம் பார்ப்பது, எழுத்து பொறிப்பது, பழுது பார்ப்பது.

குடியரசு தினத்தன்றும் நவம்பர் மாதத்திலும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் வரிசையாக வந்து மலர்வளையம் வைக்கிறார்கள், சல்யூட் அடிக்கிறார்கள், பியூகிள் ஊதுகிறது. நாம் சேனலை மாற்றிவிடுகிறோம். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இருப்பது என்ன? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

வளையம் எதற்கு?

முதலில் மலர்வளையத்தையே எடுத்துக்கொள்வோம். பூக்கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். மூங்கில் பிளாச்சையோ கம்பியையோ வட்டமாக வளைக்க வேண்டும். அதன்மேல் வைக்கோலைச் சுற்றி, நாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு பச்சை இலை, அதற்கு மேல் சாமந்தி, சம்பங்கி, ரோஜா. அவ்வளவுதான். வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் வாடிவிடும்.

நமக்குப் பழக்கமான மாலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாலை போட ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் படமாவது வேண்டும். வளையத்தைச் சாய்த்து வைக்க ஒரு கல் இருந்தால் போதும். முகம் தெரியாதவர்களுக்கும் வைக்கலாம். ஆயிரம் பேருக்குச் சேர்த்து ஒன்றே ஒன்று வைக்கலாம். கிரேக்கர்களும் ரோமானியர்களும் வென்றவர் தலையில் இலைவளையம் சூட்டினார்கள். அந்த வழக்கம்தான் காலப்போக்கில் மாண்டவர் கல்லுக்கும் வந்து சேர்ந்தது. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்று அதற்கு அர்த்தமும் சொல்வார்கள்.

பிரிட்டன்காரர்கள் வைக்கும் வளையம் சிவப்பாக இருக்கும். அது பாப்பிப் பூ. முதல் உலகப் போரில் (1914-1918) பெல்ஜியத்திலும் வட பிரான்ஸிலும் வயல்கள் எல்லாம் குண்டு விழுந்து கிளறிப் போட்டது போல் ஆயின. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த பாப்பி விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைத்துப் பூத்தன. கல்லறைகளுக்கு நடுவே அந்தப் பூ ஆடுவதைப் பார்த்து, ஜான் மெக்ரே என்ற கனடா நாட்டு ராணுவ டாக்டர் 1915இல் ஒரு கவிதை எழுதினார். அதிலிருந்து அந்தப் பூவே நினைவுச் சின்னம் ஆகிவிட்டது. ஆஸ்திரேலியர்கள் ஏப்ரல் 25ஆம் தேதி ரோஸ்மேரிக் கொத்தைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். ஊருக்கு ஒரு பூ, நாட்டுக்கு ஒரு வழக்கம்.

பியூகிள் சொல்வது என்ன?

நான் என்.சி.சி.யில் இருப்பதால் இந்த அணிவகுப்பு முறையைக் கொஞ்சம் விளக்க முடியும். வளையத்தை வீரர்கள் மெதுநடையில் சுமந்து வருவார்கள். மரியாதை செலுத்துபவர் அதை வாங்கிக் கல்லின் அடியில் வைத்து, ஓர் அடி பின்வாங்கி நிற்பார். 'சோக் சஸ்த்ர' என்று கட்டளை வரும். காவல் நிற்பவர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழல்வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துத் தலை குனிவார்கள். இனி சுடுவதற்கில்லை என்பதே அதன் பொருள்.

அப்போது பியூகிளில் வரும் மெட்டுக்கு 'லாஸ்ட் போஸ்ட்' என்று பெயர். அது முதலில் சோகப் பாட்டே கிடையாது. ராணுவ முகாமில் இரவுக் காவல் நிலைகளை எல்லாம் சுற்றிப் பார்த்து முடித்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது, இன்றைய டூட்டி முடிந்தது என்று அறிவிக்கிற மெட்டு. அதையே இறந்தவருக்கு ஊதும்போது, 'உன் டூட்டி முடிஞ்சுது, நீ தூங்கு' என்று சொல்வதாக ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு நிமிட மௌனம். முடிந்ததும் காலையில் எழுப்புகிற மெட்டு. அதாவது உயிரோடு இருப்பவர்களே, எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள்!

இந்த இரண்டு நிமிட மௌனம் 1919இல் தொடங்கியது. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணிக்கு நின்றது. அடுத்த ஆண்டு அதே நாள், அதே மணியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதும் இரண்டு நிமிடம் வேலையை நிறுத்தச் சொல்லி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டார். நாம் இரங்கல் கூட்டங்களில் எழுந்து நிற்கிறோமே, அந்த மௌனத்தின் கதையில் இது ஒரு முக்கியமான பக்கம்.

நந்தம்பாக்கத்தில் 856 பேர்

இதெல்லாம் எங்கோ சீமையில் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் நந்தம்பாக்கத்தில் 'மெட்ராஸ் வார் செமட்டரி' இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியே போகிறவர்கள் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த 856 காமன்வெல்த் படையினர் அங்கே இருக்கிறார்கள். தென்னிந்தியாவில் போர்முனை கிடையாதே, பிறகு எப்படி என்று கேட்கலாம். போர் என்றால் குண்டடி மட்டுமா? முகாமில் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஆறாத காயம், விபத்து, எல்லாமும்தான். இப்படி இறந்தவர்களைத் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆங்காங்கே இருந்த கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் ஊர்க் கல்லறைகளிலும் புதைத்திருந்தார்கள். காலாகாலத்துக்கும் அங்கே பராமரிப்பு நடக்கும் என்று உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே அவர்களை எடுத்து வந்து நந்தம்பாக்கத்தில் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அதே வளாகத்தின் பின்பக்கம் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அவர்களுடைய கல்லறைகள் இந்தியாவில் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. கல்லறையைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் பெயரையாவது காப்பாற்றுவோம் என்று செய்த ஏற்பாடு அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் அழகும் இல்லை, புகழும் இல்லை. மெயின்டனன்ஸ்! நம் புரொபசர்கள் எஸ்டிமேட் வகுப்பில் சொல்வது போல, கட்டுவது ஒரு முறை, காப்பது காலம் முழுவதும்.

எல்லோருக்கும் ஒரே ஸ்பெசிபிகேஷன்

இந்த வேலையைச் செய்யும் அமைப்பின் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917 மே 21 அன்று, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கப்பட்டது. அப்போது அதற்கு இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர்; 1960இல் இன்றைய பெயர் வந்தது. தொடங்கியவர் ஃபேபியன் வேர். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவோடு பிரான்ஸுக்குப் போனவர். வீரர்களைப் புதைத்த இடங்களைக் குறித்து வைக்க யாருமே இல்லை என்பதைப் பார்த்து, தானே குறிக்க ஆரம்பித்தார். இன்று அந்த ஆணையம் இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் நினைவைக் காக்கிறது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு.

அந்த ஆணையம் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய சிக்கலைச் சந்தித்தது. பணக்காரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். சிலர் பெரிய பளிங்குச் சிலை வைக்க வேண்டும் என்றார்கள். ஏழைக் குடும்பத்தால் இரண்டும் முடியாது. ஒரே பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் செத்தவர்களில் ஒருவருக்குச் சிலை, இன்னொருவருக்கு வெறும் மண்மேடா? ஃபிரெடெரிக் கெனியன் என்பவர் 1918இல் கொடுத்த அறிக்கையின்படி ஒரு முடிவு எடுத்தார்கள். யாருடைய உடலும் ஊருக்கு வராது. ஜெனரல் ஆனாலும் சிப்பாய் ஆனாலும் ஒரே அளவுக் கல். 1920இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிப் பலத்த விவாதம் நடந்தது. கடைசியில் அந்தக் கொள்கையே நிலைத்தது.

அந்தக் கல்லின் அளவைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 1 அடி 3 அங்குலம், கனம் 3 அங்குலம். நம் கணக்கில் 813 x 381 x 76 மில்லிமீட்டர். மேலே படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே படை எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி, தெரிந்தால் வயது. நடுவில் அவரவர் மதச் சின்னம். அடியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு வாசகம், இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துக்குள். கல்லில் வெட்டுவதற்கென்றே எழுத்து வடிவத்தை வரைந்து கொடுத்தவர் மெக்டொனால்ட் கில் என்ற ஓவியர். தூரத்திலிருந்தும் படிக்க வேண்டும், மழையில் தேயவும் கூடாது என்பதுதான் தேவை.

பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பல இடங்களில் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக மண்ணில் நடாமல், தரைக்கு அடியில் நீளமாகக் கான்கிரீட் பீம் போட்டு அதில் வரிசையாகப் பொருத்தினார்கள். மண் இறங்கினாலும் ஒரு கல் மட்டும் சாயாது. வரிசை நூல் பிடித்தது போல நிற்கும். மண் உறுதியில்லாத இடங்களில் நிமிர்ந்த கல்லே வைப்பதில்லை. நாகாலாந்தில் உள்ள கோஹிமாவிலும் தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரியிலும் சாய்வான குட்டைப் பீடத்தின் மேல் வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். கல்லின் காலடியில் சின்னச் செடிகள் நடுவதிலும் பொறியியல் உண்டு. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்து சேறு தெறித்தால் எழுத்து மறையும். செடி அந்தச் சேற்றைத் தடுக்கிறது!

வளையம் வைப்பதற்கென்றே பெரிய கல்லறைகளில் பலிபீடம் போன்ற நீளமான ஒரு கல் இருக்கும். சுமார் 12 அடி நீளம். புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் வரைந்தது. எல்லா மதத்தினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அதில் எந்த மதச் சின்னமும் வைக்கவில்லை. பார்ப்பதற்கு நேர்க்கோடாகத் தெரியும்; ஆனால் நேர்க்கோடு இல்லை. 1,801 அடி 8 அங்குலம் விட்டமுள்ள ஒரு மாபெரும் கோளத்தின் துண்டாக அதன் பரப்பை லேசாக வளைத்திருக்கிறார்கள். நேராக வெட்டினால் நீளமான கல் நடுவில் தொய்ந்தது போலக் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக அத்தனை கணக்கு!

பெயர் தெரியாத உடல்களுக்கும் கல் உண்டு. அவர் யார் என்பது கடவுளுக்குத் தெரியும் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். அந்த வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான் 1915இல் லூஸ் என்ற இடத்தில் நடந்த போரில் 18 வயதில் காணாமல் போனான். அந்தத் தகப்பன் சாகும்வரை மகனின் கல்லறையைப் பார்க்கவில்லை. நம்ம வயசுப் பையன், தோழர்களே!

நம்மவர்கள் எங்கே?

இரண்டு போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் போனார்கள். அப்படியானால் அவர்களின் கல்லறைகள் ஏன் குறைவு? முதல் காரணம் எளிது. இந்து, சீக்கிய வீரர்களின் உடல்களை எரித்தார்கள். கல்லறை இல்லாததால் பெயரைச் சுவரிலும் தூணிலும் பொறித்தார்கள். 1944இல் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய கோஹிமாவில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன. அதே மலைச்சரிவில் எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரான்ஸில் நூவ் ஷப்பெல் என்ற இடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள். பர்மாவில் ரங்கூனுக்கு அருகே தவுக்யான் கல்லறையில் நிற்கும் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள்.

இரண்டாவது காரணம் கசப்பானது. 'எல்லோருக்கும் ஒரே ஸ்பெசிபிகேஷன்' என்ற கொள்கையை ஐரோப்பாவில் கடைப்பிடித்தவர்கள், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் கைவிட்டார்கள். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு? இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்! கிழக்கு ஆப்பிரிக்காவில் ராணுவத்துக்கு மூட்டை சுமந்து செத்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அந்த எண்ணிக்கைகூட இல்லை. எல்லோருக்கும் சேர்த்து சில ஊர்களில் ஒரு சிலை, அவ்வளவுதான்.

இது நான் கோபத்தில் சொல்வது இல்லை. அந்த ஆணையமே நியமித்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முதல் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. இவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், இந்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு. இருந்தாலும், தப்பு நடந்தது என்று பதிவேட்டில் எழுதிய பிறகுதான் அதைத் திருத்தும் வேலை ஆரம்பமாக முடியும்.

ஒரு தேதியின் விலை

பெயர் இல்லாவிட்டால் என்ன, செத்தவருக்குத் தெரியவா போகிறது என்று விவாதம் பண்ணும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காக எங்கள் வீட்டுச் சமாசாரம் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் அப்பாயிக்கு ஒரு அண்ணன். இரண்டாம் உலகப் போரில் பயனியர் படையில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர். பாலம் போட, ரோடு போட, சாமான் இறக்க என்று இருந்த படை அது. தாரண வருஷத்தில் ஒரு தந்தி வந்ததாம். அப்போது அப்பாயி சின்னப் பிள்ளை. அந்தத் தந்தி கூரை ஒழுகிய ஒரு மழையில் நனைந்து போய்விட்டது. தேதி யாருக்கும் ஞாபகம் இல்லை. திதி தெரியாததால் ஆடி அமாவாசைக்கு மற்ற முன்னோர்களோடு சேர்த்து அவருக்கும் ஒரு இலை போடுவார்கள்.

போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இப்போது கம்ப்யூட்டரிலேயே தேடலாம். நான் உட்கார்ந்து தேடினேன். ஒரே தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் ஐந்தாறு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பெயரில் வேறு ஆட்களும் வந்தார்கள். கடைசியில் கை கொடுத்தது ஊர்ப் பெயர்தான். சில பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன கிராமம், இன்ன ஜில்லா என்று குறித்திருக்கிறார்கள். அப்படிக் குறித்த ஒரு வரியில் எங்கள் ஊர் இருந்தது. பாட்டனார் பெயரும் இருந்தது. ரங்கூன் தூண்களில் ஒன்றில் அவர் பெயர் இருப்பதாகவும், இறந்த தேதியும் போட்டிருந்தது.

அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். அழவில்லை. "எங்க அண்ணன் பேரக் கல்லுல வெட்டியிருக்காகளா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டது. பிறகு, "தேதிய வச்சு அய்யருட்ட திதி கேளுய்யா. இம்புட்டு வருசமாப் பொதுவுல சோறு வச்சோம். இனிமே அவுகளுக்குன்னு ஒரு நாளு இருக்கு" என்றது.

இதில் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எங்கோ ஒரு ராணுவ கிளார்க் அந்தக் கிராமத்துப் பெயரைச் சோம்பல் படாமல் எழுதினார். ஒருவர் அதைப் பட்டியலில் ஏற்றினார். ஒருவர் கல்லில் வெட்டினார். இன்றும் யாரோ அந்தத் தூணைத் துடைத்து வைக்கிறார்கள். இவர்களில் ஒருவர் அலட்சியமாக இருந்திருந்தாலும் எங்கள் அப்பாயிக்கு அந்த நாள் கிடைத்திருக்காது.

கல் நடுவது நமக்குப் புதிதா?

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதுவது வெள்ளைக்காரனிடம் நாம் கற்றது இல்லை. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. நடுகல்லுக்கு மயில் பீலியும் மாலையும் சூட்டியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரைத் தமிழி எழுத்தில் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியது. ஆள் போய், அரசு போய், ஊரே மாறியும் பெயர் நிற்கிறது. பொறித்தவன் கை அப்படி!

அதே தமிழர்களில் பல்லாயிரம் பேர் பெயரில்லாமலும் போனார்கள். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. சயாம் மரண ரயில் என்பார்கள். அங்கே இறந்த போர்க் கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பெயர், வரிசை, புல்வெளி எல்லாம் உண்டு. ஏப்ரல் 25 அன்று மலர்வளையங்கள் குவிகின்றன. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள் என்று கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் ராணுவத்தினர் இல்லை என்பதால் அந்தக் கல்லறை வரிசையில் இடமில்லை. பட்டியலும் ஒழுங்காக இல்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 2023இல் மலேசியத் தமிழர்கள் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நடுகல்!

இப்போது வளையம் வைக்க ஓர் இடம் இருக்கிறது. பெயர்களைத் தேடி எழுதும் வேலை பாக்கி.

நாம் செய்யக்கூடியது

சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்காக 2019 பிப்ரவரியில் தில்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அங்கே கிரானைட் கற்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எல்லோராலும் தில்லி போக முடியாது. நந்தம்பாக்கம் போக ஒரு பஸ் டிக்கெட் போதும். அடுத்த முறை சென்னைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் கேட்போம். வளையம் கட்டிக் கொண்டுபோக வேண்டும் என்று இல்லை. ஒரு வரிசையில் நடந்து, ஒவ்வொரு பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படித்தால் போதும். இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது என்று வரும்போது தானாகப் பேச்சு நின்றுவிடும்.

சொந்த ஊரில் போரில் இறந்தவர் குடும்பம் இருந்தால், பெரியவர்களிடம் உட்கார்ந்து பெயர், தகப்பனார் பெயர், படைப்பிரிவு, வருஷம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஊர் எல்லையில் நடுகல் சாய்ந்து கிடந்தால் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கவோ, துணி துவைக்கவோ விடாதீர்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் வருஷ டிராயிங் வகுப்பில் லெட்டரிங் ஷீட் போடும்போது நாம் எல்லோரும் அலுத்துக்கொள்கிறோம். 'இந்த ஏ, பி, சி, டி எழுதவா பாலிடெக்னிக் வந்தோம்?' என்று கேட்காதவர் யார்? ஆனால் ஒரே உயரம், ஒரே இடைவெளி, பிழையில்லாத ஒரு பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே. நாளை நாம் சைட்டில் நிற்கும்போது நம் கையால் ஏதோ ஒரு பலகையில், ஏதோ ஒரு கல்லில், யாரோ ஒருவருடைய பெயர் ஏறும். அந்தப் பெயரை எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம். அளந்து எழுதுவோம், திருத்தமாக எழுதுவோம்.